நோண்டியும் அண்ணியின் இணையதளமும்

அவளை எல்லோரும் நோண்டி என்றுதான் கூப்பிடுவார்கள். கழற்ற முடிந்த எதையும் அவள் கழற்றாமல் விட்டதில்லை. ஏழு வயதில் அப்பாவின் அலாரம் கடிகாரம், பன்னிரண்டில் வீட்டுத் தையல் மிஷின், கல்யாணமான புதிதில் புருஷனுடைய ஹெல்மெட். உள்ளே என்னதான் வைத்து அடைத்திருக்கிறார்கள் என்று பார்த்தாளாம்! பாவம், அந்த மனுஷன் அன்றைக்கு பஸ்ஸில் வேலைக்குப் போனார். இப்போது அவளுக்கு நாற்பத்தொரு வயது. கை மட்டும் இன்னும் ஏழு வயதிலேயே நிற்கிறது.

காலையில் ஒரு பல் மருத்துவமனையின் வரவேற்பில் இருப்பாள். மதியத்துக்கு மேல் அண்ணியின் விக் கடை. கடை என்றால் மாடியில் இரண்டு அறைதான். முன்னறையில் ஆளுயரக் கண்ணாடியும் நாற்காலியும். பின்னறையில் ஜன்னலோரம் அண்ணி உட்கார்ந்து, வலைத் தொப்பியில் கொக்கி ஊசியால் ஒவ்வொரு முடியாக இழுத்து முடிச்சுப் போடுவாள். வருகிறவர்களில் பாதிப் பேர் நோயில் முடி கொட்டியவர்கள். நேரில் வரக் கூச்சப்படுகிறவர்களுக்காகத்தான் இணையதளம் வைத்தாள். தலையளவையும், எதுவும் போர்த்தாத தலையோடு எடுத்த ஒரு படத்தையும் அதிலிருக்கும் படிவத்தில் அனுப்பினால் போதும். ‘உங்கள் படத்தை நான் ஒருத்தி மட்டுமே பார்ப்பேன்’ என்று படிவத்துக்கு மேலேயே எழுதி வைத்திருந்தாள். அதை நம்பித்தான் ஆட்கள் அனுப்பினார்கள்.

தளத்தைப் பார்த்துக்கொள்வது நோண்டியின் வேலை. ஆனால் அப்டேட் பொத்தானைத் தொடக்கூடாது என்பது அண்ணியின் கட்டளை. காரணம் இல்லாமல் இல்லை. போன வருஷம் எட்டு அப்டேட்களை, ஒரு நகல்கூட எடுத்து வைக்காமல், ஒரே மூச்சில் அமுக்கித் தள்ளினாள் மகராசி. படிவமே காணாமல் போய், இரண்டு நாள் ஒரு ஆர்டர்கூட வரவில்லை.

“சும்மா கிடந்த சங்க ஊதிக் கெடுத்த கதையா இருக்கு. ஓடுறது பாட்டுக்கு ஓடட்டும். இனிமே கை வைக்காத” என்று அண்ணி முடித்துவிட்டாள். சூடு கண்ட பூனை வேறென்ன சொல்லும்?

நோண்டி கை வைக்கவில்லை. ஆனால் கண் வைப்பதை யாரால் தடுக்க முடியும்? ஒவ்வொரு அப்டேட்டோடும் என்ன மாற்றினார்கள் என்று ஒரு குறிப்பு வரும். உலகத்தில் ஒருத்தரும் படிக்காத அந்தக் குறிப்புகளை இவள் கதைப் புத்தகம் போலப் படிப்பாள். ஒரு புதன்கிழமை மதியம், படிவத்துக்கான மென்பொருளின் குறிப்பில் ஒரு வரி கண்ணில் பட்டது: அனுப்பப்பட்ட படங்களை, அவற்றின் இணைய முகவரி தெரிந்தால் யார் வேண்டுமானாலும் கடவுச்சொல் இல்லாமல் திறக்க முடிந்த கோளாறு சரிசெய்யப்பட்டது. அந்த அப்டேட் வந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. இவர்கள் அதைப் போடவே இல்லை.

நிஜமாகவா? தன் போனில் கடை வைஃபையை அணைத்தாள். கடவுச்சொல் எதுவும் கொடுக்காமல் ஒரு படத்தின் முகவரியை அடித்தாள். படம் பளிச்சென்று திறந்தது.

அந்த நிமிஷமே எழுந்து போய் அண்ணியிடம் சொல்லியிருக்க வேண்டும். நோண்டி எழுந்திருக்கவில்லை. முகவரியின் கடைசியில் ஒரு எண். அதற்கு அடுத்த எண் போட்டால்? அதுவும் திறந்தது. அடுத்தது? இந்த மாதிரிப் படத்தில் எல்லோரும் அழுதுகொண்டிருப்பார்கள் என்று அவள் நினைத்திருந்தாள். ஒருவர் விறைப்பாக நின்றார். ஒருத்தி கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். இன்னொருத்தி வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தாள். ஏன் சிரிக்கிறாள்? போன் சூடாகிற வரை பார்த்துவிட்டுத்தான் “அண்ணி!” என்று கத்தினாள்.

இந்தத் தடவை நிதானமாகச் செய்தாள், அதைச் சொல்லியாக வேண்டும். முதலில் முழுத் தளத்துக்கும் ஒரு நகல். பிறகு படிவத்தின் அப்டேட். போனில் மறுபடி அடித்துப் பார்த்தாள். கடவுச்சொல் கேட்டது. மற்ற அப்டேட்களை ஒவ்வொன்றாகப் போட்டு, ஒவ்வொரு தடவையும் ஒரு பொய் ஆர்டர் அனுப்பி, வந்து சேர்கிறதா என்று பார்த்தாள். எதற்கென்றே தெரியாமல் கிடந்த நான்கு இணைப்பு மென்பொருள்களைத் தூக்கி எறிந்தாள்.

அண்ணி ஊசியைக் கீழே வைத்தவள் எடுக்கவே இல்லை. “இத்தன நாள்ல யாராச்சும் பாத்திருந்தா?” என்றாள். “அவங்க மூஞ்சில நான் எப்படிடீ முழிப்பேன்?”

“கண்டுபிடிச்சிடலாம் அண்ணி. யார் யார் வந்தாங்க, எதத் தொறந்தாங்கன்னு எல்லாமே பதிவாகியிருக்கும்” என்று பெரிய மேதாவி போல அந்தப் பதிவைத் திறந்தாள். அது தன்னையும் பதிவுசெய்திருக்கும் என்று அந்த மேதாவிக்குத் தோன்றவே இல்லை.

எட்டு மாதப் பதிவை இருவரும் வரி வரியாகப் பார்த்தார்கள். கடையின் கணினியைத் தவிர வெளியிலிருந்து படங்களைத் திறந்தது ஒரே ஒரு போன்தான். அதே புதன்கிழமை, மூன்று பத்திலிருந்து மூன்றரை வரை. பதினேழு படங்கள்.

“யாருடீ இந்தத் திருட்டுப் பய?”

நோண்டி மனசுக்குள் கணக்குப் போட்டாள். ஊர் பேர் தெரியாத எவன் தலையிலாவது கட்டிவிடலாம். அண்ணிக்கு இதெல்லாம் புரியவா போகிறது?

“நான்தான் அண்ணி. தொறக்குதான்னு பாக்க ஒண்ணே போதும். மீதி பதினாறும் சும்மா... பாக்கணும்னு இருந்துச்சு.”

அண்ணி திட்டுவாள் என்று காத்திருந்தாள். அண்ணி திட்டவில்லை, அதுதான் தாங்க முடியவில்லை. “தொடாதன்னு சொன்னது என் தப்பு, அத விடு” என்று போனை நகர்த்தி வைத்தாள். “பதினேழு பேருக்கும் நீயே பேசு. நடந்தத மறைக்காமச் சொல்லு.”

முதல் எண், அந்தச் சிரித்த பெண்ணுடையது. படம் வெளியில் தெரிகிற மாதிரி இருந்ததையும், இப்போது சரிசெய்துவிட்டதையும் நோண்டி மூச்சுவிடாமல் சொல்லி முடித்தாள்.

“யாராவது பாத்தாங்களா?” என்றது மறுமுனை.

“நான் பாத்தேங்க. பாத்திருக்கக் கூடாது. மன்னிச்சிடுங்க.”

அந்தக் குரல் மெதுவாகக் கேட்டது.

“எப்படி இருந்தேன்? எங்க வீட்டுக்காரர் எடுத்து அனுப்புனது. நான் இன்னிக்கு வரைக்கும் அதப் பாக்கல.”