எடு என்று சொல்ல வேண்டியவன்

செக்கடி மூலையில் மறுபடியும் மூடி கிடந்தது.

பஸ் ஓட்டுகிறவர் ரோட்டில் ஆணி கிடந்தால் பார்ப்பார், கண்ணாடித் துண்டு கிடந்தால் பார்ப்பார். சோடா மூடிக்கு யாராவது பிரேக் போடுவார்களா? மொக்கையன் போட்டார். மினி பஸ்ஸில் இருந்த அத்தனை பேரும் முன்னால் சாய்ந்து நிமிர்ந்தார்கள். நாய் எதுவும் அடிபட்டுவிட்டதா என்று கண்டக்டர் மாரீஸ்வரன் எட்டிப் பார்த்தான். மொக்கையன் இறங்கிப்போய், வளைவில் வரிசையாக வைத்திருந்த ஏழு மூடிகளையும் பொறுக்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வந்து ஏறினார். இது மூன்றாவது நாள்.

மொக்கையன் என்பது குலசாமி பெயர். காலேஜ் பிள்ளைகள் பஸ்ஸில் ஏறி அந்தப் பெயரைச் சொல்லிச் சிரிப்பார்கள். அவரும் கூடச் சேர்ந்து சிரிப்பார். நாற்பத்தாறு வயது, அருப்புக்கோட்டைக்கும் பாளையம்பட்டிக்கும் இடையில் பதினேழு வருஷமாக வண்டி, ஒரு கோழிக்குஞ்சின்மேல்கூட ஏற்றியது கிடையாது. அப்படிப்பட்ட மனுஷன் ஏழு தகர மூடிக்காக வண்டியை நிறுத்துகிறார் என்றால் அதற்குக் காரணம் இருக்கத்தானே வேண்டும்.

முப்பத்தாறு வருஷத்துக்கு முன்னால் அதே மூலையில் இதே மாதிரி மூடிகளை வைத்தவர்களில் அவரும் ஒருவர்.

அந்தக் காலத்தில் கலர் பாட்டில் மூடிதான் தெருப்பிள்ளைகளுக்குச் சொத்து. தரையில் கட்டம் போட்டு, நடுவில் ஆளுக்கு ஐந்து மூடியைக் கட்டி, கோட்டில் நின்று ஓட்டாஞ்சில்லால் அடிக்க வேண்டும். கட்டத்தை விட்டு வெளியே தெறித்த மூடியெல்லாம் அடித்தவனுக்கு. அதில் ராஜா மூடி என்று ஒன்று உண்டு. பஸ்ஸின் பின் சக்கரத்தில் நசுங்கித் தோசை மாதிரி ஆன மூடி. சுத்தியலால் தட்டியதெல்லாம் ராஜா ஆகாது. பத்து வயதுப் பயல்கள் தடவிப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவார்கள். ஒரு ராஜாவுக்குப் பத்து சாதா மூடி. இரண்டு துளை போட்டு நூலைக் கோத்து முறுக்கி இழுத்தால் விர்ரென்று சுற்றும்.

சும்மா ரோட்டில் வைத்தால் முன் சக்கரமே ஏறி மூடியைத் தெறிக்கவிட்டுவிடும். அதனால் முன் சக்கரம் போன பிறகு, பின் சக்கரம் வருவதற்குள் கையை நீட்டி மூடியை வைத்துவிட்டுக் கையை எடுக்க வேண்டும். இதற்குக் கடைசிக் கை என்று பெயர் வைத்ததே மொக்கையன்தான். பெருமையாக வைத்த பெயர். நாசமாய்ப் போன பெயர்.

செக்கடித் தெருவில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் விசைத்தறி. அந்தச் சத்தத்தில் பஸ் பக்கத்தில் வந்து நின்றாலும் காது கேட்காது. மூடியை வைக்கிறவன் குனிந்து தரையைத்தான் பார்ப்பான், சக்கரத்தைப் பார்க்க மாட்டான். அதனால் எதிரே ஓரமாக ஒருவன் குத்த வைத்துக்கொண்டு, பஸ்ஸுக்கு அடியில் சக்கரத்தைப் பார்த்து அடித்தொண்டையில் கத்த வேண்டும். முதலில் 'வை'. அப்புறம் 'எடு'. குனிந்திருப்பவனுக்கு அந்த இரண்டு சொல்தான் கண்ணும் காதும்.

கூட்டாளி விஜயபாண்டிக்கு எப்போதும் சொல்கிறவன் மொக்கையன். ஒரே தெரு, ஒரே வகுப்பு, ஒரே பெஞ்சு. ஒரு சனிக்கிழமை மத்தியானம் கட்டத்தில் விஜயபாண்டி மொக்கையனின் மூடி எல்லாவற்றையும் அடித்து வாரிவிட்டான். கடைசியாகப் போனது ஒரு சிவப்பு மூடி. விருதுநகர்ப் பொருட்காட்சியில் பொறுக்கியது, தெருவில் வேறு யாரிடமும் கிடையாது. அதையே கடைசிக் கைக்கு வைக்கப் போவதாக விஜயபாண்டி சிரித்துக்கொண்டே சொன்னான்.

பஸ் வந்தது. மொக்கையன் 'வை' என்றான். பின் சக்கரம் வந்தது. 'எடு' தொண்டையில் இருந்தது. ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, அதைப் பிடித்து வைத்தான். ஒரு தடவை பயந்து அலறட்டுமே என்று தோன்றியது, அவ்வளவுதான். அதற்கு மேல் ஒன்றும் நினைக்கவில்லை என்று இந்த முப்பத்தாறு வருஷமாகத் தன்னிடமே சாமி சத்தியம் செய்து பார்த்திருக்கிறார். மனசு நம்பியதில்லை.

விஜயபாண்டிக்கு வலது கையில் மூன்று விரல் போனது. கூட்டம் கூடி டிரைவரை இழுத்துப் போட்டு அடித்தது. பஸ் திடீரென்று குலுங்கி வந்தது என்று மொக்கையன் சொன்னான். டிரைவர் கோட்டைச்சாமிக்கு வேலை போனது, குடும்பத்தோடு எங்கேயோ போய்விட்டார். பின்னாளில் மொக்கையன் ஸ்டியரிங்கைப் பிடித்த முதல் நாள் அந்த ஆளின் ரத்தம் வழிந்த முகம்தான் கண்ணில் நின்றது.

நான்காம் நாள் செக்கடி மூலையில் மூடி இல்லை. அப்பாடா என்று இருந்தது. ஐந்தாம் நாளும் இல்லை. நிம்மதியாக வண்டியை ஒடித்துத் திருப்பும்போது இடதுபக்கக் கண்ணாடியில் எதேச்சையாகப் பார்த்தார். முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவில் சின்னதாக ஒரு கை வந்து போனது.

 என்ன செய்துவிட்டோம் என்று அப்போதுதான் விளங்கியது. ரோட்டில் வைத்தால் டிரைவர் பொறுக்கிக்கொண்டு போய்விடுகிறார். அதனால் வண்டி வந்த பிறகு வைக்கிறார்கள். கடைசிக் கையை அந்தப் பிள்ளைகளுக்கு இவரே கற்றுக்கொடுத்த மாதிரி ஆகிவிட்டது.

கை யாருடையது என்று விசாரித்ததில் இன்னொரு இடி. விஜயபாண்டியின் மகள் சத்யபிரியா. ஒன்பது வயது. மூலையில் இருக்கும் டீக்கடை விஜயபாண்டியுடையதுதான். மிச்சம் இருந்த இரண்டு விரலாலேயே டீ ஆற்றப் பழகி, தெருவுக்கே கடைக்காரராக ஆனவர். இப்போது பன்னீர் சோடாவுக்கு மறுபடி மவுசு வந்துவிட்டதால் கடை வாசலில் மூடிக்குப் பஞ்சமில்லை. மகள் எந்நேரமும் செல்லும் கையுமாக இருப்பதைப் பார்க்கச் சகிக்காமல், கட்டம் போட்டு விளையாடச் சொல்லிக்கொடுத்ததே அவர்தான்.

மொக்கையன் அன்றைக்கே போய்ச் சொன்னார். விஜயபாண்டி பதறிப்போய் மகளை முதுகில் நாலு சாத்து சாத்தினார். அந்தப் பிள்ளையும் அழுதுகொண்டே இனிமேல் செய்ய மாட்டேன் என்றது. மறுநாள் கண்ணாடியில் அதே கை.

இந்தத் தடவை மொக்கையன் வண்டியை அங்கேயே நிறுத்தி இஞ்சினை அணைத்தார். பாளையம்பட்டிக்குப் போக வேண்டியவர்கள் முணுமுணுத்தார்கள். மாரீஸ்வரன் நேரமாகிறது என்று விசிலை ஊதி ஊதிப் பார்த்தான். ஊதட்டும். அவர் இறங்கிப் போனார். நசுங்கிய மூடியை உள்ளங்கையில் வைத்து ஊதிக்கொண்டு நின்றாள் சத்யபிரியா. எதிர்ப்பக்கம் குத்த வைத்திருந்த பையன் பக்கத்து வீட்டு ராஜகுரு. அவன் டவுசர் பை இரண்டும் காலியாகத் தொங்கின. தன்னுடைய மூடி எல்லாவற்றையும் காலையிலேயே இவளிடம் தோற்றிருந்தான்.

மொக்கையன் அவன் முகத்தைப் பார்த்தார். அவனுக்கு ஒன்றும் கோபம் இல்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு, அவள் கையில் இருந்த மூடியையே பார்த்துக்கொண்டிருந்தான். அந்தப் பார்வை அவருக்குப் புதுசில்லை. மறுபடி ஒரு பஸ் வரப் பத்து நிமிஷம்தான் இருந்தது.

கையை நீட்டக் கூடாது என்று அவர் சொன்னதற்கு அந்தப் பிள்ளை பயப்படவே இல்லை.

"அப்பாவுக்குக் கை மெதுவு மாமா. அதான் விரலு போச்சு. எனக்கு ரொம்ப வேகம். எடுன்னதும் எடுத்துருவேன்."

"எடுன்னு சொல்லலைன்னா?"

"சொல்லாம எப்படி இருப்பாக? அப்பாவுக்கு நீங்க சரியாத்தான் சொன்னீகளாம். அப்பாதான் சுணங்கிட்டாராம்."

விஜயபாண்டி மகளுக்குச் சொல்லி வளர்த்த கதை அது. கூட்டாளியை ஒரு சொல் விட்டுக்கொடுக்காமல் அத்தனை வருஷமும் தன் கையையே குற்றம் சொல்லிக் கொண்டிருந்திருக்கிறார். நாலு சாத்து சாத்தினாலும், நாற்பது சாத்து சாத்தினாலும் இந்தப் பிள்ளை கேட்காது. தன் கை வேகம் என்ற தைரியம் அதற்கு. அந்தத் தைரியத்தை உடைக்க உலகத்தில் ஒரே ஒரு சொல்தான் இருக்கிறது, அதுவும் மொக்கையனின் வாய்க்குள்தான் இருக்கிறது. சொன்னால் விஜயபாண்டியின் சிநேகம் போய்விடும். சொல்லாவிட்டால் இந்தக் கை போய்விடும்.

பஸ் நின்றுவிட்டதே என்று விஜயபாண்டி கடைக்குள்ளிருந்து டீ கிளாஸோடு வெளியே வந்தார். மொக்கையனுக்கு வழக்கமாகக் கொடுக்கிற, சீனி குறைத்த டீ. மொக்கையன் அதை வாங்கவில்லை. பிள்ளையின் உயரத்துக்கு ரோட்டிலேயே குத்த வைத்தார். 

"ஒங்க அப்பன் கை மெதுவில்லத்தா. நான் எடுன்னு சொல்லல. தெரிஞ்சேதான் சொல்லல. மூடியெல்லாம் தோத்துட்ட வயித்தெரிச்சல் எனக்கு."

இரண்டு பக்கமும் தறி ஓடிக்கொண்டிருந்தது. விஜயபாண்டி காதில் விழுந்திருக்காதோ என்று ஒரு நப்பாசை எட்டிப் பார்த்தது, பாருங்கள் மனுஷ மனசை. ஆனால் விழுந்திருந்தது. கிளாஸிலிருந்து டீ சிந்தி அந்த இரண்டு விரலிலும் வழிந்தது. சுடச்சுட டீ, அவர் கையை உதறக்கூட இல்லை.

"முப்பத்தாறு வருஷமா இந்தக் கையத்தானலே வைஞ்சுக்கிட்டிருந்தேன்" என்றார்.  கிளாஸைப் பெஞ்சில் வைத்துவிட்டு உள்ளே போனார்.

சத்யபிரியா மொக்கையனைப் பார்த்தாள். அப்புறம் திரும்பி ராஜகுருவைப் பார்த்தாள். அவனுடைய காலிப் பைகளைப் பார்த்தாள். அவன் தலையைக் குனிந்துகொண்டான். அந்தப் பிள்ளை மெதுவாக, மிக மெதுவாக, இரண்டு கையையும் பாவாடைக்குப் பின்னால் கொண்டுபோய் மறைத்துக்கொண்டது.

அன்றைக்கு மீதி நடையெல்லாம் எப்படி ஓட்டினார் என்று மொக்கையனுக்கே தெரியாது. வீட்டில் சாப்பாடு இறங்கவில்லை. மனைவி ராஜேஸ்வரி காய்ச்சலா என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். காய்ச்சல் என்றே சொல்லிவைத்தார்.

மறுநாள் செக்கடி மூலையில் ரோடு துடைத்து வைத்த மாதிரி கிடந்தது. மூடி இல்லை, பிள்ளைகளும் இல்லை. டீக்கடையில் விஜயபாண்டி முதுகைக் காட்டிக்கொண்டு பால் காய்ச்சிக்கொண்டிருந்தார். ஹாரன் சத்தத்துக்கு எப்போதும் நிமிர்ந்து கையைத் தூக்குகிறவர் அன்றைக்கு நிமிரவில்லை. மொக்கையன் பழக்கதோஷத்தில் வண்டியை ஓரம் கட்டினார்.

சத்யபிரியா ஓடி வந்து டிரைவர் பக்கத்து ஜன்னலில் எக்கி ஒரு பழைய பவுடர் டப்பாவை நீட்டினாள்.

"அப்பா குடுக்கச் சொன்னாக. இது ஒங்களதாம். இனிமே நம்ம கடை முன்னாடி வண்டிய நிப்பாட்ட வேணாம்னாக."

டப்பாவுக்குள் பஞ்சு வைத்து ஒரே ஒரு மூடி. தோசை மாதிரி நசுங்கி, ஓரமெல்லாம் துருவேறி, நடுவில் மட்டும் கொஞ்சம் சிவப்பு மிச்சம் இருந்தது. அன்றைக்குச் சக்கரத்தில் போன அதே மூடி. மூன்று விரலைக் கொடுத்து எடுத்த அந்த ராஜாவை நூல் கோக்காமல், யாரிடமும் ஆடாமல், இத்தனை வருஷம் பத்திரமாக வைத்திருந்திருக்கிறார் விஜயபாண்டி. யாருக்காக வைத்திருந்தார் என்று கேட்க இனி மொக்கையனுக்கு வாயில்லை.

டப்பாவை மூடி மடியில் வைத்துக்கொண்டு கியரைப் போட்டார். வளைவில் திரும்பும்போது கண்ணாடியைப் பார்த்தார். அந்தப் பிள்ளை கடை வாசலில் போய் நின்றுகொண்டிருந்தது. டாட்டா காட்டவில்லை. பத்து விரலையும் கோத்துத் தலையில் வைத்துக்கொண்டு பஸ்ஸையே பார்த்துக்கொண்டிருந்தது. வளைவு தாண்டியதும் மாரீஸ்வரன் ரைட் கொடுத்தான்.