குளத்து வாயுவுக்கு ஒரு விலை

சுங்கை லாலாங் பக்கம் ஒரு செம்பனை எண்ணெய் ஆலையில், சுற்றுச்சூழல் பிரிவில் எனக்கு வேலை. ஆலையின் கழிவுநீர்க் குளத்திலிருந்து எழும் வாயு பூமியைச் சூடாக்குகிறது. குளத்தை மூடி அந்த வாயுவைப் பிடித்துவிட்டால் உலகத்துக்கு எத்தனை வெள்ளிப் பணம் நட்டமாகாமல் மிச்சமாகும் என்று கணக்குப் போடச் சொன்னார் மேலாளர். மூடியின் விலையைவிட அது அதிகமென்றால் மூடலாம், இல்லையென்றால் வேண்டாம்.

குளத்துக்குப் பின்னால்தான் ஆலைக் குடியிருப்பு. அங்கேதான் என் அக்கா இருக்கிறாள். "பெரிய நம்பரா பார்த்துப் போடுடி," என்றாள். எனக்கும் ஆசைதான். ஆனால் கணக்கு என்னைப் பாடாய்ப் படுத்தியது. நூறு வருஷம் கழித்துப் பிறப்பவரின் நட்டத்தை நம் நட்டத்துக்குச் சமமாக வைத்தால் மூடி கொள்ளை மலிவு. கொஞ்சம் குறைத்து மதித்தால் அதே மூடி வீண் செலவு. பூமி சூடாகி வரும் வெள்ளத்தில் எவ்வளவு நெல் போகும் என்பதிலும் ஆளுக்கொரு மதிப்பீடு. கடைசியில் சின்னது ஒன்று, பெரியது ஒன்று என்று இரண்டு எண்களோடு கூட்டத்துக்குப் போனேன்.

"எனக்கு ஒரு நம்பர் போதும்லா," என்றார் மேலாளர்.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. "உங்க பேரனோட பேரன் உங்களுக்கு எவ்வளவு முக்கியம்னு சொல்லுங்க போஸ், ஒரே நம்பரா தரேன்."

"என் மகனுக்கே இன்னும் பொண்ணு அமையல," என்றார். அறையே சிரித்தது, நானும்தான். முடிவு மட்டும் மறுநாளைக்குத் தள்ளிப்போனது.

மத்தியானம் அக்கா வீட்டில் கருவாட்டுக் குழம்பு. காற்று திரும்பியதும் அக்கா பேச்சை நிறுத்தாமலே எழுந்தாள். எச்சில் கை படாமல் முழங்கையால் ஜன்னலைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தாள். குளத்து நாற்றம்! புழுக்கத்தில் வியர்த்துக்கொண்டே சாப்பிட்டோம். எனக்குச் சுருக்கென்றது. பிறக்காத பிள்ளைகளைச் சேர்த்திருந்தேன், வயலைச் சேர்த்திருந்தேன், கடலைக்கூடச் சேர்த்திருந்தேன். இந்த ஜன்னல் என் இரண்டு எண்களிலும் இல்லை. இப்படி விட்டுப்போனவை இன்னும் எத்தனையோ.

மறுநாள் மேலாளரிடம் ஜன்னல் கதையைச் சொல்லி, "ரெண்டு நம்பருமே கொறைச்சல் போஸ்," என்றேன்.

"எவ்வளவு கொறைச்சல்?"

"தெரியாது."

என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இத்தன நாள்ல இவ்வளவு நிச்சயமா நீங்க எதையும் சொன்னதில்ல," என்றபடி மூடிக்குக் கையெழுத்துப் போட்டார்.