கலப்பு மேசையை எடுக்க மாட்டேன்

காலையில் நூலகத்தின் ஷட்டரைப் பாதி தூக்கியிருந்தபோது போன் அடித்தது. பிலோமினாவின் வீட்டுக்காரர் முருகேசன்தான். “செல்வி, பிலோ எழுந்திரிக்கலம்மா. டாக்டர் வந்து பார்த்துட்டாரு. போயிட்டா” என்றார். இருபது வருடம் எனக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்த்தவள். அழுகை அப்புறம்தான் வந்தது. முதலில் வந்தது கோபம். “சொல்லாம கொள்ளாம போயிட்டியேடி” என்று தெருவில் நின்று கத்தினேன். டீக்கடையில் இருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள்.

இதைப் படிக்கிற எங்கள் நூலக வாசகர்களே, இரங்கல் கூட்டத்தில் எங்கள் மேலதிகாரி பேசியதை நீங்களும் கேட்டீர்கள். “வேலையில் கொஞ்சம் ஒழுங்கு போதாது, ஆனால் தங்கமான மனசு” என்றார். அந்த ‘ஆனால்’ எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கூட்டம் முடிந்ததும் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். வாசலருகே இருக்கும் மேசையைத் திங்கட்கிழமைக்குள் காலி செய்ய வேண்டுமாம். அந்த இடத்தில் பிலோவின் படத்தை வைத்து மாலை போட வேண்டுமாம். நல்ல மரியாதை! அவள் கட்டிக் காத்ததைத் தூக்கிப் போட்டுவிட்டு, அங்கேயே அவளுக்கு ஊதுபத்தி கொளுத்துவார்களாம்.

எந்த மேசை என்று தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். நீங்கள் திருப்பிக் கொடுக்கும் புத்தகங்களை, அலமாரியில் அடுக்கும்வரை போட்டு வைக்கிற மேசை அது. சமையல் புத்தகத்தின் மேல் சட்டம், சட்டத்தின் மேல் மாட்டு வைத்தியம், அதற்கும் மேல் பேய்க்கதை என்று கிடக்கும். பிலோ அவற்றை லேசில் அடுக்க மாட்டாள். யாராவது வந்து கேட்டால், குவியலுக்குள் கையை விட்டு அந்த நிமிடமே எடுத்துக் கொடுப்பாள். வாசகர்கள் அதற்குக் கலப்பு மேசை என்று பேர் வைத்தார்கள். வேலைக்கள்ளி என்று நான் திட்டினால், “தேடி வர்றவங்களுக்கு அலமாரி இருக்குது செல்வி. இன்னாத்த தேடறதுன்னே தெரியாம வர்றவங்க எங்கடி போவாங்க?” என்பாள்.

அப்படி வந்தவர்தான் எங்கள் சொல்தா. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர்களை எங்கள் பாண்டிச்சேரியில் அப்படித்தான் சொல்வது வழக்கம். தினமும் வருவார், பிரெஞ்சுப் பத்திரிகையைப் புரட்டுவார், “ஒர்வுவார் மதாம்” என்று பிலோவிடம் சொல்லிவிட்டுப் போவார். தமிழ்ப் புத்தகத்தைத் தொட்டதே இல்லை. ஒருநாள் தொப்பியைக் கலப்பு மேசையில் வைத்தவர், எடுக்கும்போது அடியில் இருந்த பாம்புப் புத்தகத்தையும் சேர்த்து எடுத்துவிட்டார். அங்கேயே நின்று எழுத்துக் கூட்டிப் படித்தார். “மதாம், நம்மூர்ல இத்தினி பாம்பா!” என்று அவர் போட்ட சத்தத்தில் படித்துக்கொண்டிருந்தவர்கள் காலைத் தூக்கி நாற்காலியில் வைத்துக்கொண்டார்கள். பாம்பிலிருந்து சித்த மருத்துவத்துக்குப் போனார். அங்கிருந்து சித்தர் பாட்டுக்கு, அப்புறம் துப்பறியும் கதைகளுக்கு. இப்போது எனக்கே எது நல்ல கொலை என்று சிபாரிசு செய்கிறார்.

அவரை விடுங்கள், நான் என்ன யோக்கியம்? எல்லாப் புத்தகத்துக்கும் எண் போட்டவள் நான். படித்ததெல்லாம் குடும்ப நாவல் மட்டும்தான். ஒரு மத்தியானம், பிலோ கை கழுவிவிட்டு வரட்டும் என்று அந்த மேசையோரம் நின்றபோது நண்டுகளைப் பற்றிய ஒரு புத்தகம் கையில் பட்டது. சும்மா பிரித்தேன். நண்டு தன் ஓட்டையே கழற்றிப் போட்டுவிட்டு வெளியே வருமாம், புது ஓடு இறுகும்வரை ஒளிந்து கிடக்குமாம். ஐம்பது வயதுவரை நண்டைச் சட்டியில் மட்டுமே பார்த்தவள் நான்! “சோறு ஆறுதுடி” என்று பிலோ மூன்று முறை கூப்பிட்டாளாம், என் காதில் விழவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை வீராம்பட்டினம் கடற்கரைக்கு பஸ் ஏறிப் போய், மணலில் குத்தவைத்து நண்டு வளையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆடித் தேருக்குத் தவிர அந்த ஊருக்கு நான் போனதே இல்லை. அதற்கப்புறம் மலையேற்றம், கட்டடக்கலை, குழந்தைப் பாட்டு என்று எதையும் நான் விட்டு வைக்கவில்லை.

மேலதிகாரி முதன்முதலில் பார்வையிட வந்தபோது அந்தக் குவியலைப் பார்த்து, “இப்படிக் கலந்து வெச்சா என்னம்மா அர்த்தம்?” என்று சீறினார். பிலோ எழுந்து நின்றாள். “கலந்தா இன்னா சார் ஆயிடும்? எங்க வீட்டுக்காரரு முருகன் கோயிலுக்குப் போறாரு, நான் மாதா கோயிலுக்குப் போறேன். ரெண்டு பேருக்கும் ஒரே சட்டி மீன்கொழம்புதான்.” நான் வாயைப் பொத்திக்கொண்டு அலமாரிக்குப் பின்னால் போய்விட்டேன்.

ஒரு மாதம் கழித்து மெமோ வந்தது. ‘நூல்களை இனவாரியாகப் பிரித்து அடுக்காததற்கு விளக்கம் அளிக்கவும்’ என்று இருந்தது. மன்னிப்பு எழுதிக் கொடு, வேலைக்கு ஆபத்து என்று எல்லோரும் சொன்னார்கள். அவள் ஒரு வெள்ளைத்தாளில் எழுதினாள்: ‘ஐயா, இங்கே படிக்க வருகிறவர்கள் இனவாரியாக வருவதில்லை. இப்படிக்கு, பிலோமினா.’ அவ்வளவுதான். மேலிடம் அதைப் படித்துவிட்டு என்ன நினைத்ததோ, பதிலும் வரவில்லை, மேசையும் நகரவில்லை.

இப்போது நான் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அந்த மெமோ வரக் காரணம் ஒரு மொட்டைக் கடிதம். அதை எழுதியவள் நான். நண்டுப் புத்தகம் கையில் படுவதற்கு முந்தின காலம் அது. நான் எண் போட்டு வைத்ததை அவள் கலைக்கிறாளே என்ற எரிச்சல். அதிகாரி அந்தக் கடிதத்தையே அவளிடம் காட்டியிருக்கிறார். மறுநாள் சாப்பிடும்போது பிலோ சொன்னாள்: “மொட்டக் கடுதாசிதான் எழுதின, தப்பில்லாமயாச்சும் எழுதக் கூடாதா? பாண்டிச்சேரியிலயே அலமாரிக்கு வல்லின ‘ற’ போடறவ நீ ஒருத்திதான்டி.” நூலகம் முழுக்க ‘அலமாறி 1’, ‘அலமாறி 2’ என்று சீட்டு எழுதி ஒட்டியவள் நான்தானே! அவள் விழுந்து விழுந்து சிரித்தாள், வஞ்சிர மீன் துண்டு ஒன்றை என் தட்டில் வைத்தாள். அதற்கப்புறம் அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை. அவளிடம் நான் மன்னிப்புக் கேட்டதில்லை. இன்றைக்குத்தான் கேட்கிறேன், உங்கள் எல்லோர் முன்னாலும்.

மேலதிகாரி அவர்களே, இந்தப் பத்திரிகை உங்கள் மேசைக்கும் வரும். பிலோவின் படத்தை நான் சுவரில் மாட்டிவிட்டேன். மேசை வாசலிலேயே இருக்கிறது. நேற்றுகூடத் தட்டாஞ்சாவடிப் பட்டறையிலிருந்து மோட்டார் ரிப்பேர் புத்தகம் கேட்டு வந்த பெண் ஒருத்தி, அதோடு ஒரு நட்சத்திரப் புத்தகத்தையும் பொறுக்கிக்கொண்டு போனாள். அதை நான் அலமாரியில் அடுக்கியிருந்தால் அவள் அந்தப் பக்கமே போயிருக்க மாட்டாள். வாசகர்களே, வீட்டில் இருக்கிற புத்தகங்களைத் திங்கட்கிழமை கொண்டுவாருங்கள். எப்படி வேண்டுமானாலும் போட்டுவிட்டுப் போங்கள்.

பிலோவிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அந்த ஒற்றை வரிப் பதிலின் கீழே அவள் போட்ட பெயரைத்தான். தப்பு என்று பட்டதை ஒளிந்துகொண்டு சொன்னவள் நான். சரி என்று பட்டதைப் பெயர் போட்டுச் சொன்னவள் அவள். என் பெயர் தமிழ்ச்செல்வி, நூலக உதவியாளர். கலப்பு மேசையை எடுக்க மாட்டேன்.