கவ்வாத்து வாங்கிய கமேலியா

எங்க மலைப் பக்கம் "தோட்ட வேலை பாக்கிறேன்"னு சொன்னா, உடனே "எந்த டிவிஷன்?"னுதான் கேப்பாங்க. நான் பாக்கிறது தேயிலைத் தோட்டமில்லீங்க, வீட்டு வாசல்ல பூச்செடி வைக்கிற தோட்டம். அடுத்தவங்க ஆசையா வளர்த்ததைப் பேர்த்து இன்னொரு எடத்துல வச்சுட்டு, அது துளிர்க்கிற வரைக்கும் சோறு எறங்காமத் திரியிற என் இனத்து ஆளுங்களுக்குத்தான் இதைச் சொல்றேன்.

டீச்சர் சொன்னது

பொகவந்தலாவைப் பக்கம் தோட்டப் பள்ளிக்கூடத்துல படிப்பிச்சு ஓய்வு வாங்கின ரீட்டா டீச்சர், குவாட்டர்ஸைக் காலி பண்ணிட்டு கினிகத்தேனையில கட்டின சொந்த வீட்டுக்குப் போறாங்க. வாசல்ல ஆள் ஒயரத்துக்கு மேல ஒரு கமேலியா, ரோசா மாதிரி பூக்கிற செடி. காலமான அவங்க வீட்டுக்காரர் கல்யாணமான புதுசுல வச்சது. பூ இல்லாத காலத்துல பாத்தா அசல் தேயிலைதான்.

முத்தின செடியைச் சும்மா புடுங்க முடியுமா? ஒரு மழைக்காலம் முன்னாடியே சுத்திப் பள்ளம் வெட்டி, புது வேர் விட வச்சிருந்தேன். தூக்குற அன்னிக்குக் காலையில, முன்னால வேன்ல கெளம்பின டீச்சர் என்னைக் கூப்பிட்டாங்க. "தம்பி, அலுமாரி ஒடைஞ்சா ஒடையட்டும். இது பட்டுப்போச்சுன்னா, அந்த வீட்டுல நான் தனியாத்தான் இருக்கணும்."

லேசா ஒரு கவ்வாத்து

என் கூட்டாளி முத்தையா அண்ணன் காலமெல்லாம் தேயிலைக்குக் கவ்வாத்துக் கத்தி பிடிச்சவர். கவ்வாத்துன்னா, புதுசாத் துளிர்க்கட்டும்னு தேயிலையோட தலையை மட்டமா வெட்டித் தள்றது. வேர் கொறைஞ்சா தலைப்பாரமும் கொறையணுமில்ல? "அண்ணே, மேலால லேசா கவ்வாத்துப் பண்ணி வைங்க"ன்னுட்டு, வேரைச் சுத்திக் கட்ட சாக்கு வாங்க பஜாருக்குப் போனேன்.

திரும்பி வந்தா, ஐயோ கடவுளே! கமேலியாவைக் காணோம். முழங்கால் ஒயரத்துக்கு ஒரு கட்டை நிக்குது, ஒத்த இலை இல்லை. அண்ணன் நிதானமா கத்தியைத் தொடைச்சிக்கிட்டே சொன்னார்: "லேசான்னுதானே சொன்னீங்க? அதான் முழங்கால் அளவு விட்டிருக்கேன். இல்லாட்டி இன்னும் எறக்கியிருப்பேன்."

லொறியில

வேர்மண் உதிரக் கூடாதேன்னு ஒவ்வொரு வளைவுலயும் "மெதுவா, மெதுவா"ன்னு கத்திக்கிட்டே வந்தேன். பொறுத்துப் பாத்த டிரைவர் கடைசியில லொறியை ஓரம் கட்டிட்டு, பின்னால எட்டிப் பாத்தார். "ஏங்க, அடுப்பு வெறகுக்கா இம்புட்டு மரியாதை?"

புது வாசல்ல

டீச்சர் கேட் பக்கத்துலயே நின்னாங்க. "நான்தான் டீச்சர் வெட்டினேன்"னு முத்தையா அண்ணனே முன்னால போய் நின்னுட்டார். அவங்க குனிஞ்சு வெட்டின எடத்தைத் தடவிப் பாத்தாங்க. கண்ணு கலங்கிருச்சு. எங்கயாவது ஓடிப்போயிரலாம் போல இருந்துச்சு எனக்கு. அப்பறம் நிமிந்து, வகுப்புல பேசுற கொரல்ல சொன்னாங்க: "குழிக்குத் தண்ணி ஊத்துங்க. பிள்ளைகளை அடிக்கக் கூடாதுன்னு ஆயிருச்சு, அது உங்க ரெண்டு பேருக்கும் நல்ல காலம்."

கொழுந்து

அதுக்கப்பறம் எனக்கு வாராவாரம் கினிகத்தேனையில ஏதாவது ஒரு சோலி வந்துச்சு. அதே பஸ்ஸுல முத்தையா அண்ணனுக்கும் சோலி இருந்துச்சு. நகத்தால பட்டையைச் சொரண்டிப் பாப்போம், உள்ளே பச்சை தெரியும், திரும்ப பஸ் ஏறிருவோம். ஒரு நாள் காலையில தூரத்துலயே டீச்சர் கையை ஆட்டிக் கூப்பிடுறாங்க. ஓடிப் போனா, கட்டையைச் சுத்தி அம்புட்டும் துளிர்! எனக்கு அழுகையே வந்துருச்சு. பக்கத்து வீட்டம்மா, மலையில தேயிலைக் கொழுந்து எடுத்துப் பழகுன கை, "கொழுந்து முத்தப் போகுது டீச்சர், எடுத்திரவா?"ன்னு நீட்டிட்டாங்க. டீச்சர் பட்டுன்னு அந்தக் கையைத் தட்டிவிட்டு விழுந்து விழுந்து சிரிச்சாங்க.

கெளம்புறப்போ என்னைத் தனியாக் கூப்பிட்டு, கொரலைத் தாழ்த்திச் சொன்னாங்க: "எங்க வீட்டுக்காரர் கையில இம்புட்டுத் துளிர் வந்ததே இல்லை, தம்பி. அவரு கல்லறைக்குப் போறப்போ நான் இதைச் சொல்ல மாட்டேன், நீங்களும் வாயைத் தொறக்காதீங்க."

இப்பெல்லாம் நான் மறந்தும் கவ்வாத்துன்னு சொல்றதில்லை, "முடி வெட்டுங்க அண்ணே"ன்னுதான் சொல்றேன்; அதுக்கும் அவர் "மொட்டையா, கிராப்பா?"ன்னு கேட்டுட்டுத்தான் கத்தியை எடுக்கிறார்.