முன்கையில் மூன்று எழுத்து

என் இடது முன்கையின் உட்புறத்தில் பச்சை குத்திய மூன்று எழுத்துகள் இருக்கின்றன. மணிக்கட்டிலிருந்து நான்கு விரற்கடை தள்ளி முதல் எழுத்து தொடங்குகிறது. மூன்றும் சேர்ந்து என் சுண்டுவிரல் நீளம். நான் சட்டைக் கையை மடித்துவிடுவதே இல்லை. ஹேவாஹெட்ட மலையில் இந்தக் காப்பித் தோட்டத்தின் கணக்கப்பிள்ளை நான். வெயிலிலும் கைப்பொத்தானைக் கழற்றாத ஆள் என்று துரைக்கு என்மேல் ஒரு மதிப்பு.

பல வருடங்களாக நாட்குறிப்பு எழுதி வருகிறேன். எந்த மலையில் எப்போது மழை பெய்தது, எந்த வாரம் பூ பூத்தது, காலையில் பேர் கூப்பிடும் பிரட்டுக்கு யார் வரவில்லை என்பதெல்லாம் அதில் இருக்கிறது. இந்த எழுத்துகளைப் பற்றி மட்டும் ஒரு வரியும் இல்லை. அதை இன்று எழுதிவிடுகிறேன்.

நான் கடலுக்கு அக்கரையிலிருந்து இலங்கைக்கு வந்தபோது எனக்குப் பத்தொன்பது வயது. மன்னாரில் தோணியிறங்கி, காட்டு வழியாக மாத்தளைக்கு நடந்தோம். ஒன்பதாம் நாள் எங்கள் கூட்டத்தில் ஒருவன் வழியோரத்தில் உட்கார்ந்தான். பிறகு எழுந்திருக்கவில்லை. அவன் மன்னார்க் கரையில் எங்களோடு சேர்ந்துகொண்டவன். இவன் எந்த ஊர் என்று கங்காணி ஒவ்வொருவரிடமும் கேட்டார். யாருக்கும் தெரியவில்லை. அவன் கம்பளியை எடுத்துக்கொண்டு, மேலே நாலு கிளையை ஒடித்துப் போட்டுவிட்டு நடந்தோம். எனக்கு அடக்க முடியாமல், அவன் ஆத்தாளுக்கு யார் சொல்வார்கள் என்று கேட்டுவிட்டேன்.

"காக்கா போய்ச் சொல்லும்," என்றார் எனக்கு முன்னால் நடந்தவர். "கண்ணைத் தின்னுட்டுத்தான் போகும். அடையாளம் சொல்லணும்ல."

எல்லோரும் சிரித்தார்கள். அவரைக் கூட்டத்தில் வாத்தியார் என்று கூப்பிடுவார்கள். பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தவர் அல்ல. எங்களில் எழுதப் படிக்கத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான், அதனால் அந்தப் பட்டம்.

தோட்டத்துக்கு வந்த பிறகும் அந்தக் கிளைகள் என்னை விடவில்லை. லயத்தில், எங்கள் வரிசை வீட்டில், யாராவது இருமினால் விழித்துக்கொள்வேன். அம்மாவுக்கு நான் ஒரே பிள்ளை. நானும் அப்படிப் போய்விட்டால் அவளுக்குச் சேதி போகாது, வருடக்கணக்காக வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பாள் என்பதே நினைப்பு. ஊர்ப் பெயரைக் கையில் குத்திக்கொண்டால், என்னைப் புதைக்கிறவன் படிப்பான், படித்தவன் ஒரு வரி எழுதிப் போடுவான் என்று முடிவு செய்தேன்.

மூன்றாம் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பச்சை குத்துகிறவள் ஒருத்தி வந்து, காப்பி காயப்போடும் களத்தின் ஓரத்தில் உட்கார்ந்தாள். விளக்குக்கரியை இலைச்சாற்றில் குழைத்து ஒரு சிரட்டையில் வைத்திருந்தாள். நூலால் சேர்த்துக் கட்டிய நாலு ஊசி. கோலமும் தேளும் குத்திக்கொள்ளப் பெண்கள் வரிசையாக இருந்தார்கள். அந்த வரிசையில் ஆண் நான் ஒருவன். இவனுக்கு மூக்கும் குத்தி விடச் சொல்லுங்கள் என்று லயத்து ஆண்கள் கத்தினார்கள்.

அவளுக்குக் கோலம் தெரியும், எழுத்து தெரியாது. யாராவது கையில் எழுதிக் கொடுத்தால் அதன்மேல் குத்துவாள். வாத்தியாரிடம் போனேன். எதற்கு என்று கேட்டார். நான் ஒன்றும் மறைக்கவில்லை. செத்தால் இன்ன ஊர்க்காரன் என்று தெரியவேண்டும் என்றேன்.

"ஊர்ப் பேரு எத்தனை எழுத்துடா?"

"மூணுன்னு சொல்வாங்க வாத்தியாரே."

"மூணே எழுத்துல எழுதிருவோம். பார்த்தவுடனே எவனுக்கும் வெளங்கிறாப்புல."

ஈர்க்குச்சியைக் கரியில் தோய்த்து எழுதினார். அழகான கையெழுத்து. பிறகு எழுந்து போய் மற்றவர்களிடம் என்னமோ சொன்னார்.

முதல் குத்திலேயே கையை இழுத்துக்கொண்டேன். "அசையாதே சாமி, எழுத்துக் கோணிப் போகும்," என்று அவள் என் மணிக்கட்டை முழங்காலுக்கு அடியில் வைத்து அழுத்தினாள். எனக்கு முன்னால் பத்து வயதுப் பெண்பிள்ளை ஒன்று சத்தமில்லாமல் குத்திக்கொண்டு போயிருந்தது. நான் இரண்டாவது எழுத்தில் அம்மா என்று அழுதேன். களமே சிரித்தது. அழுததற்கு அவ்வளவு சிரிப்பா என்று அப்போதே ஒரு கணம் தோன்றியது. வலியில் அதை விட்டுவிட்டேன்.

கை ஒன்பது நாள் வீங்கியிருந்தது. ஆறியதும் பச்சை துலங்கியது. அதன் பிறகு நன்றாகத் தூங்கினேன். வேலைக்காட்டில் சட்டையில்லாமல், எழுத்து தெரியும்படி கையை வைத்துக்கொள்வேன். எதிரே வருகிறவர்கள், "எந்த ஊர் தம்பி?" என்பார்கள். கையை நீட்டுவேன். படிக்கத் தெரிந்தவர்கள் என் முகத்தைப் பார்த்துவிட்டு அவசரமாகப் போவார்கள். மரியாதை என்று எண்ணிக்கொண்டேன். இப்படி ஒரு வருடமும் நான்கு மாதமும் இருந்தேன்.

அம்மாவுக்கு நானே எழுதவேண்டும் என்று, லயத்துக்கு வரும் கிறிஸ்தவ வேதக்காரர் ஒருவரிடம் அச்சிட்ட அரிச்சுவடி வாங்கி எழுத்து பழகினேன். ஒருநாள் களத்தில் காப்பியைக் கிளறிவிட்டுச் சுவடியை மடியில் விரித்திருந்தேன். ப. பி. பக்கத்தில் என் கை. பி அங்கே இருந்தது. எங்கள் ஊர்ப் பெயரில் பி கிடையாது. அடுத்தது ண. கடைசி எழுத்து ம, மேலே புள்ளி இல்லை. ஓலையில் புள்ளி வைத்தால் ஓலை கிழியும். அதனால் ஓலையில் படித்தவர்கள் புள்ளி வைப்பதில்லை, படிக்கிறவன் போட்டுக்கொள்ள வேண்டும். நான் போட்டுக்கொண்டேன்.

பிணம்.

செத்தால் அடையாளம் தெரியவேண்டும் என்று கேட்டவனுக்கு அவர் கொடுத்த அடையாளம் அது. வேடிக்கை நன்றாகத்தான் இருந்தது. களத்தில் அத்தனை பேர் சிரித்ததற்கும் கணக்குச் சரியாக வந்தது. அடுத்த முறை கண்டிக்குப் போன ஆளிடம் சொல்லி இரண்டு சட்டை வாங்கிக்கொண்டேன்.

ஒன்றை இங்கே சரியாகக் குறிக்கவேண்டும். அந்த எழுத்தால் எனக்கு நஷ்டம் எதுவும் வரவில்லை. நான் சாகவில்லை. அம்மாவுக்கு என் கையாலேயே கடிதம் எழுதினேன், பதிலும் வந்தது.

எழுத்து தெரிந்ததால் கணக்கப்பிள்ளைக்கு உதவியாளாக ஆனேன். கண்டித் தபால் கந்தோருக்குக் கடிதங்களைக் கொண்டுபோவதும் என் வேலை. வாத்தியார் வருடத்துக்கு இரண்டு தடவை மனைவிக்கு எழுதுவார். மேலே இருக்கும் விலாசத்தை வழியில் படித்துக்கொண்டே போவேன். ஊர் என்னவென்று அவர் யாரிடமும் சொன்னதில்லை. தோட்டத்தில் அது தெரிந்தவன் நான் ஒருவன்.

மூன்றாம் வருடம் வாந்திபேதி வந்தது. எங்கள் கங்காணி போனார், பிறகு வாத்தியார் படுத்தார். நோயாளிகளைப் போட்டிருந்த கொட்டகைக்குப் பெயர் எழுதப் போனேன். பாதி நாளில் அவருக்குக் கன்னம் ஒட்டி, கண் குழிக்குள் போயிருந்தது.

"தம்பி, வீட்டுக்கு ஒரு வரி எழுதிப் போட்டுரு. பாவம், அது பார்த்துக்கிட்டே இருக்கும்."

"எந்த ஊருங்க வாத்தியாரே?"

சொன்னார். காதில் விழவில்லை என்றேன். மறுபடி சொன்னார். அந்தக் குரலுக்கு அது பெரிய வேலை. மூன்றாம் தடவையும் கேட்டேன். கேட்டுக்கொண்டே இடது கைப்பொத்தானைக் கழற்றி, சட்டையை முழங்கை வரை மடித்தேன். பார்த்தார்.

"அது வெளையாட்டுக்குடா," என்றார்.

"தெரியுமுங்க. சிரிப்பாத்தான் இருக்கு."

அதன் பிறகு ஊரைச் சொல்லவில்லை. என் சட்டை நுனியைப் பிடிக்கக் கையை எடுத்தார், எட்டவில்லை. தண்ணீர் கேட்டார், கொடுத்தேன். மறுநாள் காலை புதைத்தோம். பெயர்ப் புத்தகத்துக்காகக் கணக்கப்பிள்ளை ஊரைக் கேட்டார்.

"தெரியாதுங்க," என்றேன். அப்படியே எழுதச் சொன்னார். என் கையெழுத்தில் இருக்கும் புத்தகங்கள் அத்தனையிலும் பொய்யான பதிவு அது ஒன்றுதான்.

அடுத்த வருடம் வாத்தியாரின் மனைவியிடமிருந்து முதல் கடிதம் வந்தது. தோட்டத்துக் கணக்கப்பிள்ளைக்கு என்று போட்டிருந்தது. கடிதங்களைப் பிரிப்பது நான். அந்த அம்மாள் யாரையோ வைத்து எழுதியிருந்தாள். அவர் இருக்கிறாரா என்று ஒரு வரி எழுதவேண்டும், இல்லையென்றால் அதையும் எழுதவேண்டும், பூவும் பொட்டும் வைப்பதா வேண்டாமா என்று தெரியாமல் நல்லது கெட்டதற்குப் போக முடியவில்லை, வாசல் வரை போய்த் திரும்பி வருகிறேன் என்று இருந்தது. அதற்கு அடுத்த வருடம் இரண்டாவது. கடைசிக் கடிதம் நான் கணக்கப்பிள்ளையாக ஆன பிறகு வந்தது. அதில் பூ, பொட்டு என்று எதுவும் இல்லை. இருக்கிறாரா என்பது மட்டும் இருந்தது.

எழுதாமல் விட்டால் அவள் சுமங்கலியாகவே இருந்துவிட்டுப் போகட்டுமே என்று எனக்கு நானே ஒரு நியாயம் சொல்லிப் பார்த்தேன். அது உண்மையல்ல. எழுத எனக்கு மனமில்லை, அவ்வளவுதான்.

அந்த மாதம் பச்சை குத்துகிறவள் மறுபடி வந்தாள். பழைய ஆள் அல்ல, அவள் மகளாக இருக்கலாம். எல்லோரும் வேலைக்காட்டுக்குப் போன பிறகு கையைக் காட்டி, மூன்றாவது எழுத்தின் தலையில் ஒரு புள்ளி வைக்கச் சொன்னேன்.

"ஒத்தைப் புள்ளிதானா சாமி?"

"ஒண்ணுதான். அது இல்லாம தப்பா இருக்கு."

வைத்தாள். வலிக்கவில்லை. இப்போது எழுத்துப் பிழை இல்லை.

இந்த வருடம் காப்பி இலைகளின் அடியில் நோயின் மஞ்சள் பொடி படிந்திருக்கிறது. நாலாம் மலையில் மரங்கள் மொட்டையாக நிற்கின்றன. தோட்டத்தை மூடினால் என் பெட்டியைக் கட்டவேண்டும் என்று சாமான்களை எடுத்துப் பார்த்தேன். கடிதங்கள் மூன்றும் நாட்குறிப்பின் பின்னட்டைக்குள் இருக்கின்றன. மூன்றிலும் விலாசம் தெளிவாக இருக்கிறது.