பதினான்கு சுருக்கொப்பங்கள்

போன வருடத்துக்கு முந்திய வருடம், ஜூன் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. சங்கரன்கோவிலில் ஒரு பள்ளிக்கூடத்தின் மாடி வகுப்பறை. பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்காகச் செய்த பெஞ்சில் முழங்கால்களை மடக்கித் திணித்துக்கொண்டு, அறுபத்து மூன்று வயதில், 'பொருளியல் அறிமுகம்' என்ற தாளை எழுத உட்கார்ந்திருந்தேன்.

இந்த வயதில் எதற்கு என்று கேட்பீர்கள். சென்னையில் இருக்கும் என் மகனோடு ஒருநாள் போனில் விலைவாசியைப் பற்றி அடித்துப் பேசிக்கொண்டிருந்தேன். "அப்பா, எகனாமிக்ஸ் தெரியாம சும்மா பேசாதீங்க" என்றான். மறுவாரமே தொலைநிலைக் கல்வியில் பி.ஏ.வுக்குச் சேர்ந்துவிட்டேன். எங்கள் வகுப்பில் ரோஷத்துக்காகப் படிக்க வந்தவன் நான் ஒருவன்தான். மற்றவர்களுக்கெல்லாம் உருப்படியான காரணங்கள் இருந்தன.

முப்பத்து நான்கு வருடம் அரசு அலுவலகத்தில் இருந்து கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றவன் நான். ஒரு விண்ணப்பத்தை என்னென்ன காரணம் சொல்லித் திருப்பி அனுப்பலாம் என்பது அத்தனையும் எனக்கு மனப்பாடம். அவற்றில் பாதியை நானே பயன்படுத்தியிருக்கிறேன். அதனால் ஞாயிற்றுக்கிழமை நேர்முக வகுப்புகளில் பேராசிரியரிடம் சந்தேகம் கேட்டவர்களைவிட என்னிடம் கேட்டவர்கள் அதிகம். புகைப்படத்தை எங்கே ஒட்டுவது, யாரிடம் சான்றொப்பம் வாங்குவது, உறை மேல் என்ன எழுதுவது, எல்லாவற்றுக்கும் என்னிடம்தான் வருவார்கள். எனக்கும் அது பிடித்திருந்தது.

அப்படிக் கேட்டவர்களில் கரிவலம்வந்தநல்லூரிலிருந்து பஸ்ஸில் வரும் ஒரு பெண்ணும் இருந்தார். அங்கன்வாடிப் பணியாளர். மேற்பார்வையாளர் வேலைக்கு விண்ணப்பிக்க அவருக்குப் பட்டம் தேவை. வயது வரம்போ மறுவருடத்தோடு முடிந்துவிடும். பி.ஏ.வில் மற்ற எல்லாத் தாள்களையும் தேறிவிட்டார். முதல் வருடத்துப் பொருளியல் மட்டும் இரண்டு முறை காலை வாரிவிட்டது. இந்த முறையும் போனால் பட்டம் கிடைக்கலாம், வேலைக்கு உதவாது.

பாடம் தெரியாதவர் இல்லை. விலை ஏறினால் வாங்குவது எவ்வளவு குறையும் என்ற தேவை நெகிழ்ச்சியை விளக்கப் பேராசிரியர் கரும்பலகையில் மூன்று கோடு போட்டுத் திணறிக்கொண்டிருந்தபோது, "கல்யாண மாசத்துல பிச்சிப்பூ என்ன வெல வித்தாலும் வாங்கத்தான செய்யுதாங்க. அதான ஸார்?" என்று ஒரே வரியில் முடித்தவர். அவருடைய கோளாறு வேறு. எழுதுவார், அடிப்பார், அதற்கு மேல் எழுதுவார், அதையும் அடிப்பார்.

"அண்ணாச்சி, நான் அடிச்சு அடிச்சு எழுதுதேன்லா, எது சரி எது தப்புன்னு திருத்துதவங்களுக்கே குழம்பிருது போல" என்று தேர்வுக்கு முந்திய வாரம் வருத்தப்பட்டார்.

எனக்குக் கேட்க வேண்டுமா? "அதுக்கு ஒரு முறை இருக்கும்மா. அடிச்சா ஒத்தக் கோடு. ஓரத்துல சின்னதா ஒரு சுருக்கொப்பம், அதுக்குக் கீழ தேதி. அப்பதான் நீயே அடிச்சதுன்னு அத்தாட்சி" என்றேன்.

சுருக்கொப்பம் என்பது வேறொன்றும் இல்லை, பெயரின் முதல் எழுத்துகளை ஓரத்தில் கிறுக்குவது. அலுவலகக் கோப்பில் ஒரு சொல்லை அடித்தாலும் அதைப் போட்டாக வேண்டும். எனக்குக் கை தானாகவே போடும். அவர் "சரி அண்ணாச்சி" என்று நோட்டில் குறித்துக்கொண்டார்.

தேர்வு நாளுக்கு வருகிறேன். விடைத்தாளின் முதல் பக்கத்தில் பொடி எழுத்தில் பத்துப் பன்னிரண்டு அறிவுரைகள் இருந்தன. என்னைப் போன்ற ஒருவர்தான் எழுதியிருப்பார், அவர் என்ன எழுதியிருப்பார் என்று எனக்குத் தெரியாதா? பதிவெண்ணைக் கட்டம் கட்டமாக நிரப்பிவிட்டு உள்ளே போய்விட்டேன்.

நன்றாகவே எழுதினேன். அடித்தல் திருத்தல் வந்த இடங்களில் ஒத்தக் கோடு, சுருக்கொப்பம், தேதி. எனக்கு இரண்டு பெஞ்சு முன்னால் அந்தப் பெண் இருந்தார். பதினொன்றரை வாக்கில் அவர் தலை திரும்பியது. பின்சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்க்கிறார் என்று நினைத்தேன். ஞாபகப்படுத்துவதுபோல, அவர் கண்ணில் படும்படி ஒரு சுருக்கொப்பத்தை அழுத்திப் போட்டேன்.

சற்று நேரத்தில் அவர் எழுந்து நின்றார்.

"ஸார், ஒரு சந்தேகம். அடிச்ச இடத்துல கையெழுத்து போடலாமா?" தேவைக்கு அதிகமான சத்தத்தில் கேட்டார்.

எனக்கு எரிச்சல்தான் வந்தது. ஒரு வாரத்துக்கு முன் சொன்னதை இப்போது போய் ஊருக்கெல்லாம் கேட்கிறாரே என்று.

கண்காணிக்க வந்திருந்த இளைஞர் சிரித்தார். "கையெழுத்தா? எதுக்கும்மா? ஊர்ப் பேரு, ஒம் பேரு, இன்ஷியல், பிள்ளையார் சுழி, ஒண்ணும் உள்ள இருக்கக் கூடாது. இருந்தா அடையாளம் காட்டுதீயன்னு பேப்பரையே செல்லாதுன்னு எழுதிருவாங்க. மொதப் பக்கத்துல போட்டுருக்குல்லா, வாசிக்கலியா?"

ஹாலில் எல்லோரும் சிரித்தார்கள். அந்தப் பெண் "சரி ஸார்" என்று தலையைக் குனிந்து உட்கார்ந்தார்.

முதல் பக்கத்தைத் திருப்பினேன். போட்டிருந்தது. உள்ளே புரட்டி எண்ணினேன். பதினான்கு இடத்தில் என் பெயரின் முதல் எழுத்துகள், தேதியோடு. அவற்றை அடித்துவிடலாமா? அடித்தால் அடித்ததற்கு யார் சுருக்கொப்பம் போடுவது? அந்த நேரத்திலும் என் புத்தி அப்படித்தான் போனது.

பிறகுதான் பெரிய பயம் வந்தது. அந்தப் பெண் எத்தனை இடத்தில் போட்டிருப்பார்? நானாவது பதினான்கு. அவர் பக்கத்துக்குப் பத்து அடிக்கிறவர். என் மகனிடம் வீராப்புக் காட்ட நான் எழுதும் தேர்வு போனால் போகட்டும். ஒரு பெண்ணின் கடைசி வாய்ப்பை, கேட்காத அத்தாட்சியையும் சேர்த்துச் சொல்லிக்கொடுத்துக் கெடுத்துவிட்டேனே. இப்போது பேசினால் இரண்டு பேரையும் வெளியே அனுப்புவார்கள். பேசாமல் இருந்தால் அவர் தாள் செல்லாது.

கையைத் தூக்கினேன். இளைஞர் வந்து என் தாளைப் புரட்டிப் பார்த்தார். "என்ன ஸார் இது, ஆபீஸ் ஃபைல் மாதிரி இருக்கு?" என்றவர், தலைமைக் கண்காணிப்பாளரை அழைத்து வந்தார். ஐம்பது வயது மதிக்கத்தக்க அம்மா. மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார்.

"இத அப்படியே அனுப்புனா ஒங்களுக்குத்தான் கஷ்டம். இதக் குறுக்குக் கோடு போட்டு ரத்து பண்ணிட்டு வேற பேப்பர் தாரேன். நேரம் கூட்டித் தர முடியாது. ஒரு மணி நேரம் இருக்கு, எழுதுவீயளா?"

"எழுதுதேன் மேடம்" என்றேன். அவர் திரும்பும்போது மெதுவாகச் சொல்லிவிட்டேன். "முன்னால இருக்குற அந்தப் பிள்ளைக்கும் நான்தான் இப்படிச் சொல்லிக்கொடுத்தேன். தப்பு அவ மேல இல்ல. அவளுக்கும் ஒரு பேப்பர் குடுங்க."

"அடுத்தவங்க பேப்பரப் பத்தி ஹால்ல பேசக் கூடாது ஸார். நீங்க ஒக்காருங்க."

சொல்லிவிட்டு நேராக அந்தப் பெண்ணிடம் போனார். தாளைக் கையில் வாங்கி ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். பெண்ணின் தோள் அசையவே இல்லை. ஏதோ கேட்டார், ஏதோ பதில் வந்தது. தாளைத் திருப்பி வைத்துவிட்டுப் போய்விட்டார். புதுத் தாள் தரவில்லை. எனக்குத் தெரிந்த நடைமுறைப்படி அதற்கு ஒரே அர்த்தம்தான்: அறிக்கையில் குறித்துக்கொண்டார், மேலிடத்துக்கு அனுப்பப் போகிறார்.

அந்த ஒரு மணி நேரம் எப்படிப் போனது என்று சொல்லத் தெரியவில்லை. ஒன்றே முக்கால் மணி நேரம் எழுதியதையும் மிச்சத்தையும் அறுபது நிமிடத்தில் அடைக்க வேண்டும். ஒன்றைத் தேர்ந்தால் எதை இழக்கிறோமோ அதுவே அதன் விலை, அதற்கு வாய்ப்புச் செலவு என்று பெயர். இதை விளக்கச் சொல்லியே ஒரு கேள்வி இருந்தது. அதற்குப் பதில் எழுதுவதற்காக, பழைய தாளில் நான் பெருமையாக வரைந்து வைத்திருந்த சமநோக்கு வளைகோட்டுப் படத்தைக் கைவிட்டேன். இரண்டு வரிக்கு ஒரு முறை கண் முன் பெஞ்சுக்குப் போனது. அவர் பேனா சில நிமிடங்கள் நின்றே இருந்தது. அழுகிறாரோ என்று நினைத்தேன். பிறகு எழுத ஆரம்பித்தார். செல்லாத தாளில் எழுதுகிறாரே என்று நினைத்துக்கொண்டு, நான் விட்ட வரியை மறுபடி தேடினேன்.

மணி அடித்தது. படியில் இறங்கி, சைக்கிள் நிறுத்துமிடத்தில் அவரைப் பிடித்தேன்.

"ஏம்மா, ஒன் பேப்பர் என்னாச்சு? எத்தன எடத்துல போட்ட?"

"நானா? ஒரு எடத்துலயும் போடலியே அண்ணாச்சி."

எனக்குப் புரியவில்லை. "நான் சொன்னேனே?"

"சொன்னீய. பேப்பர் கையில வந்ததும் மொதப் பக்கத்த வாசிச்சேன். கூடாதுன்னு போட்டிருந்துச்சு. விட்டுட்டேன்."

"அப்ப எதுக்கு எந்திரிச்சு அதையே கேட்ட?"

அவர் சிரித்தார். "ஒங்களுக்குக் கேக்கணும்னுதான். திரும்பிப் பாத்தா தபாலாபீஸ்ல சீல் குத்துத மாதிரி போட்டுக்கிட்டே இருக்கீய! என்னைப் பாத்து வேற ஒண்ணு போட்டீய. வேற எப்படிச் சொல்ல? பேசுனா ரெண்டு பேரையும் வெளிய தள்ளிருவாவ."

அவரே தொடர்ந்தார்: "ஆனா அந்த மேடம் திடுதிப்புன்னு வந்து என் பேப்பரப் புரட்டவும் ஈரக்கொல நடுங்கிட்டு அண்ணாச்சி. எதுக்கு வந்தாவன்னே தெரியல. கொஞ்ச நேரம் கையே ஓடல. ஒரு அஞ்சு மார்க்குக் கேள்வி விட்டுப்போச்சு."

அந்த மேடம் எதற்கு வந்தார் என்று நான் சொன்னேன். "நல்ல ஆளு அண்ணாச்சி நீங்க" என்றார். அது பாராட்டா, திட்டா என்று இன்றுவரை தெரியவில்லை. கரிவலம்வந்தநல்லூர் பஸ் வந்தது, ஏறிப் போய்விட்டார்.

முடிவு வரும்வரை இரண்டு மாதம் எனக்கு நிம்மதி இல்லை. அந்த ஐந்து மதிப்பெண்ணில் அவர் தவறிவிட்டால் அவர் முன்னால் நான் எந்த முகத்தோடு நிற்பேன்? நல்லவேளை, தேறிவிட்டார், விளிம்பில். தேறாதவன் நான்தான். மகனிடம் வினாத்தாள் கடினம் என்று சொல்லிவைத்தேன். இதைப் படித்தால் அவனுக்கும் தெரிந்துவிடும். மறுமுறை எழுதித் தேறினேன், ஒரு சுருக்கொப்பமும் இல்லாமல்.

மேற்பார்வையாளர் வேலைக்கான விண்ணப்பத்தை அவர் என்னிடம்தான் கொண்டுவந்து காட்டினார். அறிவுரைப் பக்கத்தை விரல் வைத்து வரிவரியாக வாசித்த பிறகே உள்ளே திருப்பினேன். அவர் எதிரே உட்கார்ந்து, சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தார்.

வங்கியிலோ அலுவலகத்திலோ வரிசையில் எனக்கு முன்னால் நிற்கும் யாராவது, பதில் எல்லோருக்கும் தெரிந்த ஒரு கேள்வியைச் சத்தமாகக் கேட்டால், முன்புபோல் நான் உச்சுக் கொட்டுவதில்லை. கையிலிருக்கும் தாளை அவசரமாக ஒரு முறை திருப்பிப் பார்த்துக்கொள்கிறேன், அது எனக்காகக் கேட்கப்பட்டதாகவும் இருக்கலாம்.