வெள்ளிக்கிழமைக் குளியல்

எங்கள் வீட்டில் தலைக்கு எண்ணெய் தேய்த்துக் குளிக்க ஆண்களுக்குச் சனிக்கிழமை, பெண்களுக்கு வெள்ளிக்கிழமை. ஊர் வழக்கமே அதுதான். நான் பையன் என்று எல்லோரும் நம்பிக்கொண்டிருந்த காலம் அது. ஆகவே எனக்குச் சனி.

அப்பா வேர்க்கடலை மூட்டைகள் வந்திறங்கும் மல்லாட்டை மண்டியில் எடை போடுகிறவர். மூட்டை புரட்டுகிற கையால் அண்ணனையும் என்னையும் கொல்லைப்புறத்தில் உட்கார வைத்துத் தேய்ப்பார். கண்ணுக்குள் எண்ணெய் இறங்கும். பச்சைத் தண்ணீரை மொண்டு ஊற்றினால் தீர்ந்தது. அக்காவின் வெள்ளிக்கிழமையோ வேறு. வெந்நீர், சீயக்காய், மஞ்சள், அப்புறம் சாம்பிராணிப் புகை. நான் கதவோரம் நின்று பார்த்துக்கொண்டே அழுவேன். ஏன் அழுகிறாய் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. வயிற்றெரிச்சல்தான், வேறென்ன!

முழுப்பரீட்சை லீவில் ஒரு வெள்ளிக்கிழமை அம்மா என்னைக் கூப்பிட்டாள்.

"வா, உனுக்கும் சேத்து ஊத்திடறேன். நாளைக்குக் குழாய்ல தண்ணி வராதாம்."

மறுநாள் தண்ணீர் ஜோராக வந்தது. அப்பா என்னைக் குளிக்கக் கூப்பிட்டபோது அம்மா, "அவனுக்குச் சளி புடிச்சிருக்கு, உடுங்க" என்றாள். அடுத்த வாரமும் சளி. அதற்கடுத்த வாரமும் சளி. எனக்கு ஒரு தும்மல்கூட வரவில்லை. அந்த லீவைப்போலச் சந்தோஷமான நாட்கள் என் பிள்ளைப் பருவத்தில் வேறு இல்லை.

அப்படி ஒரு வெள்ளியில் அக்கா மஞ்சள் பூசிக்கொண்டிருந்தபோது நானும் முகத்தை நீட்டினேன். அம்மா சற்று நேரம் என்னையே பார்த்தாள். பிறகு கல்லில் உரைத்த மஞ்சளை வழித்து என் கன்னத்தில் பூசினாள். நெற்றி, மூக்கு, கழுத்து. எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

மண்டிக்காரர் வீட்டில் சாவு என்று அன்றைக்கு மண்டியைச் சீக்கிரமே மூடிவிட்டார்கள். பாதிப் பகலில் அப்பா வந்து நின்றார்.

"இன்னாடி கூத்து இது? ஆம்பளப் பையனுக்கு மஞ்சளா?"

அவர் கை இடுப்பு பெல்ட்டுக்குப் போனது. அவர் ஓரடி எடுத்து வைப்பதற்குள் அம்மா என்னை இழுத்துப்போட்டு முதுகில் மாறி மாறி அறைந்தாள்.

"சனியனே! மஞ்சக் கிண்ணத்துல கைய வுடாதன்னு எத்தினி வாட்டி சொல்றது? உனுக்கு இன்னா கேடு வந்துச்சி?"

கடைசியில் அப்பாவே, "உடுடி, செத்துகித்துத் தொலையப் போறான்" என்று விலக்கிவிட வேண்டியதாயிற்று.

பூசிவிட்டவளும் அவள், பழியை என்மேல் போட்டவளும் அவள். மறுநாளிலிருந்து எனக்கு மறுபடியும் சனிக்கிழமை. அம்மாவா இப்படி என்று மனசு விட்டுப்போயிற்று. அந்தக் கோபம் ஆறாமலே பதினாறு வயதில் வீட்டைவிட்டுப் போனேன்.

பல வருஷம் கழித்து, ஆபரேஷனெல்லாம் முடிந்து, முடி இடுப்புவரை வளர்ந்தபிறகு, கோயிலின் பே கோபுரத்துக்குப் பின்னாலிருந்த எங்கள் பழைய தெருவுக்குப் புடவை கட்டிக்கொண்டு போனேன். அம்மா வாசலில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்த உடனே நான்தான் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. உள்ளேயிருந்து அப்பா, "யாரு அது?" என்றார். கட்டில் கிறீச்சிட்டது. அவர் எழுந்து வருவதற்குள் அம்மா தெருவுக்கே கேட்கக் கத்தினாள்.

"யாருடி நீ? வூட்டு வாசல்ல வந்து நிக்கிற? போ, போ! உனுக்கு இங்க ஒருத்தரும் இல்ல!"

கத்திக்கொண்டே என் தோளைப் பிடித்துத் தெருமுனைவரை தள்ளிக்கொண்டு வந்தாள். அங்கே வந்ததும் குரல் இறங்கிவிட்டது. என் முடியைக் கையில் அள்ளிப் பார்த்தாள்.

"இப்பிடிக் காஞ்சி கெடக்குதே. வெள்ளிக்கிழமைல எண்ண வச்சிக் குளிக்கறது இல்லியா?"

அவள் திரும்பிப் பார்க்காமல் போய்விட்டாள். அதற்குப் பிறகு நான் அவளைப் பார்க்கவில்லை. அவள் செத்தபோதுகூட எனக்கு யாரும் சொல்லியனுப்பவில்லை.

அவள் என்னைத் தெருமுனையில் விட்டுப் போன அன்றைக்கு பஸ் ஸ்டாண்டு வரை அழுதுகொண்டே நடந்தேன். அந்த மஞ்சள் பூசிய நாளின் சாயங்காலம் வழியெல்லாம் கூடவே வந்தது. என் முதுகெல்லாம் மஞ்சள் கை அச்சு என்று அக்கா கைகொட்டிச் சிரித்தாள். தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். ஓரிடத்திலும் வலிக்கவில்லை. இவ்வளவு கூச்சல் போடுகிற அம்மாவுக்கு ஒழுங்காக அடிக்கக்கூடத் தெரியவில்லையே என்று நினைத்துக்கொண்டு தூங்கிப்போனேன்.